தாடி வெட்டும்போது போட்ட பேய்ப் படம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காமெடிப் படம் பார்த்தால் எனக்கு அழுகை வரும். ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தால் ஊரே சிரிக்கும், நான் அவனுடைய இடுப்பு எலும்பை நினைப்பேன்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாடியை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வரச் சொன்னாள் மனைவி. கல்முனையில் சலூனுக்குப் போனேன். டிவியில் காமெடிப் படம்.

"காக்கா, அழாதீங்க. நாடி ஆடுது, வெட்ட ஏலா" என்றான், என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் சலூன்கார நிஸார்.

படத்தை மாற்றினான். ராக்கெட் படம். அதில் போகிறவர்கள் சோறும் தின்பதில்லை, சண்டையும் பிடிப்பதில்லை, ஜன்னலைப் பார்த்து யோசிக்கிறார்கள். எனக்குத் தூக்கத்தில் தலை சரிந்தது.

"காக்கா, எழும்புங்க! காது போயிரும்!"

"அப்ப பேய்ப் படம் போடு தம்பி. பேய்க்கு நான் அசையமாட்டன்."

"எனக்கு அதெல்லாம் பாக்க ஏலா காக்கா."

"நீ தாடியப் பாரு, நான் பேயப் பாக்கிறன்."

போட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வந்தது. சொன்னபடி நான் அசையவே இல்லை.

நிஸார் துள்ளிவிட்டான்.

வலது காதிலிருந்து நாடி வரை தாடியை வழித்தபடி மெசின் ஒரே ஓட்டம். முழுதாக எடுத்துவிட்டுப் போனால் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.

நான் வீட்டுக்கு வந்து, உட்காரும் கதிரையை இடது கன்னம் மட்டும் தெரியும்படி திருப்பிப் போட்டேன். மாப்பிள்ளையின் வாப்பா வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.