எடுத்துவிடுங்கள் என்று கேட்ட மாதம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தலை வார முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. கொஞ்சம் தூக்கினாலே நெஞ்சின் அந்தப் பக்கம் முழுவதும் உள்ளிருந்து யாரோ பிடித்து இறுக்குவதுபோல் இருந்தது. என் கணவர் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சீப்பை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னத் தெரியாது. முடியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ரப்பர் பேண்டைப் போட்டு ஏதோ செய்துவைத்தார்.

“அழுவாத. வலிச்சா மாத்திரை போட்டுக்க.”

“வலிக்கு அழுவலீங்க. எதுக்கு இதப் பண்ணிக்கிட்டோம்னு இருக்குது.”

அவர் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துச் சுருட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். அன்று வேலைக்குப் போகவில்லை.

நான் பெரியவளான பிறகு எனக்கு வலது மார்பு மட்டுமே வளர்ந்தது. இடது பக்கம் குழந்தையில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிட்டது. அம்மா கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு, “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் பூடும்” என்று சொல்லி, டாக்டரிடம் காட்டாமலே விட்டுவிட்டாள். கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு பக்கமே பால் கொடுத்து வளர்த்தேன். எதுவும் சரியாகவில்லை.

நான் தையல் கற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். என் ஜாக்கெட்டுக்கு இன்னொருவரிடம் போய் நின்று அளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இடது பக்கத்துக்குள் பஞ்சும் துணியும் வைத்து நானே தைத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் அது வேர்வையில் ஊறிக் கனக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் மேலே ஏறிக்கொள்ளும். அடுத்த ஸ்டாப்பிங் வரை தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பேன். தோளைக் குறுக்கிக் குறுக்கி அதுவே என் நடையாகிவிட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. ஜாக்கெட் தைக்க வரும் பெண்களில் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிற வீட்டம்மா ஒருவர் உண்டு. பாதி வருஷம் மகனோடு பிரான்ஸில் இருப்பார், மீதி வருஷம் இங்கே. மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, பிறகு பிரான்ஸிலேயே சிலிக்கானில் மார்பு வைத்துக்கொண்டவர். போன வருஷம் அளவு எடுக்கும்போது அவர்தான் அதைச் சொன்னார். மறைக்கவில்லை, குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. ஒரு பக்கம் வளராமலே போனவர்களுக்கும் வைப்பார்களா என்று கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, “இங்கேயே வைப்பாங்கம்மா. பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போய்க் கேளு” என்றார்.

பல மாதங்கள் யோசித்துவிட்டுத்தான் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்கு வேணும்னா பண்ணிக்க. எனக்காகன்னா வேணாம்.”

“எனக்குத்தான்.”

“அப்ப போலாம்.”

அக்காதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. “இத்தினி வருசம் போயிடுச்சி, பொண்ணு ஹாஸ்டல்ல காலேஜ் படிக்கிறா. இனிமே யாருக்குடி காட்டப்போற?” என்று கேட்டாள். யாருக்கும் காட்டுவதற்கில்லை என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அவ்வளவு பேசி, அவ்வளவு பிடிவாதமாக ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்ததால், இப்போது எதற்குப் பண்ணிக்கொண்டோம் என்று அவளிடம் வாய்விட்டு அழவும் முடியவில்லை.

அந்த முதல் வாரம் எனக்கு உட்கார்ந்தபடியே தூக்கம். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொள்ள வேண்டும், ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. இறுக்கமான ஒரு உள்ளாடையை எந்நேரமும் போட்டிருக்க வேண்டும். சிலிக்கானைச் சதைக்கு அடியில் வைத்திருந்தார்கள். காலையில் விழித்ததும் அந்த இடம் கல்லாக இறுகியிருக்கும். தொட்டால் தோலில் உணர்ச்சி இருக்காது. ஆனால் உள்ளே திடீர் திடீரென்று ஊசி குத்தும். இருமக்கூடப் பயம்.

அக்கா கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஒருநாள் பெரிய மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தாள். என் வீட்டு அடுப்பிலேயே மீனை வேகவைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டுப் புரட்டி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். பார்த்தால் பால்சுறா புட்டு.

“அக்கா, இது பால் சொரக்கறதுக்குக் குடுக்கறது.”

அவள் கிண்ணத்தையும் என் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவளுக்கு என்னா வாங்கறதுன்னு தெரியல. ஒனக்குக் கொழந்த பொறந்தப்ப செஞ்சது ஞாபகம் வந்துது, வாங்கிட்டேன்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது. வேணாம்க்கா, சிரிக்க வைக்காத என்று வலது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவளும் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புட்டை முழுவதும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு கண்ணாடியில் பார்த்த அன்றுதான் மனம் மொத்தமாக விட்டுப்போயிற்று. அது எனக்குத் தெரிந்த எந்த உடம்பிலும் இல்லாத மாதிரி இருந்தது. கழுத்துக்குப் பக்கத்தில் மேடாக ஏறி, பளபளவென்று வீங்கி, கீழே சிவப்பாக ஒரு கோடு. வலது மார்பு அதன் பாட்டுக்குத் தழைந்து கிடந்தது. இரண்டும் வேறு வேறு ஆளுடையவை. இத்தனை வருஷம் நானே ஒத்துக்கொண்ட உடம்பை நன்றாக இருந்தபோதே கொண்டுபோய் வெட்டக் கொடுத்துவிட்டேனே என்று தோன்றியது. இனி அது பழையபடி ஆகாது. எடுத்தாலும் தழும்பு இருக்கும்.

அடுத்த முறை காட்டப் போனபோது, ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம், “இத எடுத்துடுங்க டாக்டர்” என்றேன்.

அவர் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார். “புண்ணு நல்லா ஆறுது. சதை இன்னும் இறுக்கமா இருக்கறதால மேல தூக்கிட்டு நிக்குது. அது தளர்ந்து கீழ வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும்மா. இப்ப நீங்க பாக்கறது முடிஞ்ச வேலை இல்ல.”

“வேணாம்னு தோணுதே டாக்டர்.”

“நெறைய பேருக்குத் தோணும். வலி, தூக்கம் இல்ல, கை தூக்க முடியல, அப்ப தோணாம இருக்குமா? மூணு மாசம் பாருங்க. அப்பவும் இதையே சொன்னீங்கன்னா எடுத்துடறேன். ஏன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.”

வெளியே வந்ததும் கணவர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். அவர் தலையாட்டினார்.

அதற்குள் பிரான்ஸிலிருந்து திரும்பிவிட்ட பென்ஷன் வீட்டம்மா விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். அவர் உட்காருவதற்கு முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன்.

“இவ்ளோ கஷ்டம் இருக்கும்னு நீங்க ஏம்மா சொல்லல?”

அவர் அப்படியே நின்றார். “நீ வைப்பாங்களான்னு கேட்ட. எப்படி இருக்கும்னு கேக்கல” என்றார். அது எனக்குக் கோபத்தைத்தான் மூட்டியது. என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இல்ல, நான் சொல்லியிருக்கணும். பர்தோன், மன்னிச்சிடு. நான் ரெண்டு மாசம் யார்கிட்டயும் பேசல தெரியுமா? ஏன் வெச்சிங்கன்னு எம் புள்ளகிட்ட கத்துனேன். பாவம், அவனா வெச்சான்?”

“அப்புறம் எப்ப சரியாச்சு?”

“சரியாச்சுன்னு ஒரு நாள் வரல. ஒருநாள் சமையல் பண்ணி முடிச்சப்பறம் யோசிச்சேன், காலையிலேர்ந்து அத நெனைக்கவே இல்லியேன்னு. அவ்ளோதான்.”

அவர் போன பிறகு ஒரு முடிவு செய்தேன். வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று மூன்று மாதத்துக்கு யோசிப்பதில்லை. வலியில் இருக்கிற வாயால் அதற்குப் பதில் சொல்வதில்லை. அதுவரை செய்ய வேண்டியதை மட்டும் செய்வது. சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. தினமும் பல தடவை மனம் அங்கேயே போய் நிற்கும், நான் இழுத்துக்கொண்டு வருவேன்.

செய்ய வேண்டியதில் முதலாவது கைப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏற வேண்டும். வலி வரும் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, இறங்க வேண்டும். எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிற காலண்டருக்குக் கீழேயே என் விரல்கள் பல நாள் நின்றுவிட்டன. காலண்டரின் அடிப்பாகத்தைத் தொட்ட அன்று, கூட்டிப் பெருக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் நான் காலண்டரை எடுக்கப் போகிறேன் என்று நினைத்து ஓடிவந்து எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கடையையும் திறந்தேன். கனம் தூக்கக் கூடாது, மெஷினில் குனிந்து வெகு நேரம் உட்காரக் கூடாது. வலது கையால் வெட்ட முடியும். வெட்டி மட்டும் கொடுத்தேன். எனக்கு ஹெம்மிங் செய்து தரும் பெண்ணே தைத்து முடித்தாள். கல்யாண ஜாக்கெட்டுகள் இரண்டை ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினேன். அதில் ஒருத்தி கோபித்துக்கொண்டாள். என்ன ஆபரேஷன் என்று கேட்டவர்களுக்கு நெஞ்சில் என்றேன். சிலர் இருதயம் என்று நினைத்துக்கொண்டு என் முன்னால் மெதுவாகப் பேசினார்கள். நான் திருத்தவில்லை.

ஒரு மாதம் ஆகப்போகிற சமயத்தில் இடது பக்கம் சட்டென்று வீங்கியது. காலையில் இருந்ததைவிட மத்தியானம் பெரிதாகத் தெரிந்தது. சாயங்காலம் கணவர் வந்ததும் வண்டியில் கிளம்பினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போயிற்று. ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல், வேகத்தடை வரும்போதெல்லாம் இறங்கி நடந்து, தாண்டிய பிறகு ஏறிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரம் கட்டிக் காத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்கேன் எடுத்ததில் உள்ளே நீர் கோத்திருந்தது. சீழ் இல்லை. டாக்டரம்மா ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார். கையைத் துடைத்தபடி சொன்னார்:

“இது மறுபடியும் சேரலாம், சேராமலும் போலாம். நீங்க முன்னாடி கேட்டீங்க, அதனால சொல்றேன். இப்ப எடுத்துடணும்னாலும் எடுத்துடலாம். உங்க இஷ்டம்.”

நான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணவர் என்னைப் பார்த்தார். முடிவை எனக்கே விட்டுவிட்டுக் காத்திருந்தார். என் வாயில் முதலில் வந்தது கேள்வி.

“வெச்சிருந்தா உயிருக்கு ஏதாவது ஆபத்தா டாக்டர்?”

“இல்ல. காய்ச்சலோ சிவப்போ வந்தா ஒடனே வரணும். மத்தபடி இல்ல.”

“அப்ப இன்னிக்கு வேணாம். பயத்துல வெச்சிக்கவும் மாட்டேன், பயத்துல எடுக்கவும் மாட்டேன். மூணு மாசம்னு சொன்னீங்க, அப்ப வரேன்.”

சொல்லி முடித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என் குரலை நான் கேட்டது அன்றுதான்.

நீர் மறுபடி ஒருமுறை கொஞ்சமாகச் சேர்ந்து, தானாக வற்றியது. மூன்றாவது மாதம் முடிவதற்குள் மேடு இறங்கிவிட்டது. கல்லாக இருந்த இடம் இளகியது. கை தலைக்கு மேல் போயிற்று. டாக்டரம்மா தான் சொன்னபடியே கேட்டார். “என்ன செய்யலாம்?” வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் இன்றுவரை ஒன்றுபோல் ஆகிவிடவில்லை. தழும்பைச் சுற்றி உணர்ச்சி வரவே இல்லை, வராது போலிருக்கிறது. மழைக்காலக் காலைகளில் பழைய இறுக்கம் எட்டிப் பார்க்கும். எப்போதாவது ஒருநாள் இதை மாற்ற வேண்டி வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலைகளில் ஒரு நிமிஷம், பண்ணிக்கொண்டது சரிதானா என்ற எண்ணம் வரும். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடையில் நிற்கும்போது இப்போது தோள் குறுகுவதில்லை.

சென்ற வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, “பண்ணிக்கலாமாக்கா?” என்று கேட்டாள். பண்ணிக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளை உட்காரவைத்து, முதல் மாதம் எப்படி இருக்கும் என்பதை ஒன்று விடாமல் சொன்னேன்.