துறைமுகக் குடோனில் ஒரு புத்தகப் பந்தயம்

கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது எங்கள் வேலை. நடுவில் யாராவது கூப்பிட்டுத் திரும்பிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். குமாஸ்தா வேலை பார்த்த வாசகர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

பந்தயம்

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரம் குடோனில் நாங்கள் மூன்று பேர் சிநேகிதம்: நான், சக குமாஸ்தா மஸ்தான் பாய், மூட்டை தூக்கும் இயந்திரத்தை ஓட்டும் காசி. கப்பல் வராத ஒரு நாள் பாய்தான் ஆரம்பித்தார். பொங்கலிலிருந்து அடுத்த பொங்கலுக்குள் யார் அதிகப் புத்தகம் படிக்கிறார்கள், பார்க்கலாம். படித்த கதையைச் சாப்பாட்டு வேளையில் சொல்லிக் காட்டினால்தான் கணக்கு.

காசி மீனவர் குப்பத்துக்காரர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவரும் சேர்கிறேன் என்றதும் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“சிரி நைனா, சிரி. நீ ஒரு புக்கு முடிக்கறதுக்குள்ள நான் அட்டையாவது படிச்சிருப்பேன்ல?”

நான் செய்த திருட்டு

ஆடி மாதம் பாய் என்னைவிட ஒரு புத்தகம் முன்னால் இருந்தார். தண்டையார்பேட்டை வாசகசாலையில் ஒரு தலையணை நாவலை எடுத்தேன். பாதிக்கு மேல் பொறுமை இல்லை. பிள்ளைத்தாச்சிக் கதாநாயகி வெள்ளத்தில் சிக்குகிற இடத்தில் மூடிவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மீதியை நானே கட்டிச் சொன்னேன். அவளைக் கரையேற்றி, சுகப்பிரசவம் செய்வித்து, புருஷனிடம் சேர்த்தேன். பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அல்லா காப்பாத்தினான் தம்பி! எனக்குச் சோறே இறங்கல.”

ஒளிந்து நடந்தது

அடுத்த வாரம் காசி அதே நாவலை எடுத்து வந்தார். அவர் மனைவிக்கு எட்டாவது மாதம். முன்பு இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழக் கூடாதென்று டாக்டரம்மா உத்தரவு. மனைவிக்குப் பொழுது போகக் காசி தினமும் வாசித்துக் காட்டினார்.

இன்று எத்தனையாவது பக்கத்துக்கு வந்திருப்பாரோ என்று தினமும் பயந்தேன். கண்ணில் படாமல் மூட்டைகளுக்குப் பின்னால் நடந்தேன். ஒருநாள் வழிமறித்துவிட்டார்.

“இன்னா நைனா, என்னைக் கண்டா ஓடிக்கினே கீற?”

ஆஸ்பத்திரிப் படிக்கட்டு

பிறகு இரண்டு நாள் காசி வேலைக்கு வரவில்லை. மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பாயும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படிக்கட்டில் நாவலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் தாங்கவில்லை; பாதிதான் படித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் நைனா. புக்குல அந்தப் பொண்ணு செத்துப் பூடுறா. அந்தப் பக்கம் வந்ததும் புக்கை மூஞ்சிக்கு நேரா வச்சிக்கினு, நீ சொன்னதையே படிக்கிற மாரி சொல்லிட்டேன். அவ நிம்மதியா தூங்கினா.”

அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பிரசவ அறைக் கதவைத் திறந்து நர்சம்மா வந்து சொன்னாள்: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். காசி என் தோளில் சாய்ந்து அழுதார். பாய் அழுதார். நான் எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நர்சம்மா மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“அழறதா இருந்தா வாசலுக்குப் போய் அழுங்க. இப்பதான் குழந்தை தூங்குது.”

பொங்கலன்று என் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு பாயிடம் தோற்றேன். ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடியதற்காக இத்தனை நிம்மதிப்பட்டவன் எங்கள் குடோனில் நான் ஒருவன்தான்.