சொல்லாமல் மங்கிய நட்சத்திரம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளைத் தெருவில் எல்லோரும் ‘பிரேக் அக்கா’ என்பார்கள். கற்பவர் காலடியில் ஒரு பிரேக், தன் காலடியில் ஒரு பிரேக் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு யாரையும் முழுசாக நம்பும் பழக்கம் போய்விட்டது. கணவரை மட்டும் நம்பினார். வினை அங்கேதான் வந்தது.

கணவர் கணக்கு வாத்தியார். மாலை வகுப்பு முடிந்ததும் அக்கா மொட்டைமாடியில் பைனாகுலரோடு உட்கார்ந்து ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பார். பார்வைக்கு ஒன்று; உண்மையில் இரண்டு, ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது குறுக்கே வந்தால் மொத்த வெளிச்சமும் இறங்கி, பிறகு ஏறும். வெளிச்சம் மாறாத பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எப்போது, எவ்வளவு இறங்கியது என்று நட்சத்திரச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். மங்கும் நேரத்தை வாத்தியார் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வார். அதுவும் சொன்னபடி மங்கும். தம்பதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

சங்கச் செயலாளர் போன் செய்தார்.

“அம்மா, நீங்க அனுப்புறது ரொம்பச் சரியா இருக்கு. அதான் ஏத்துக்க முடியல.”

“சரியா இருந்தா தப்பா சார்?”

“நேரம் தெரிஞ்சு பார்த்தா கண்ணே மங்க வெச்சுக்கும். அடுத்த தடவை தெரியாம பாருங்க. அதுவும் சரியில்லன்னா உங்க பேரை எடுத்துடுவோம்.”

அக்கா இரண்டு நாள் கற்பவர்கள் மேல் எரிந்து விழுந்தார். பிறகு கணவரிடம், “அடுத்து மங்குறது எந்த நாள்னு மட்டும் சொல்லுங்க, நேரம் வேண்டாம்” என்றார். வாத்தியார் நாளைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்தான். ஆனால் அவர் முகம் ஒரு சுவர்க்கடிகாரம். ஆகவே அன்று அவரைத் தன் தம்பி வீட்டுக்குக் கிளப்பினார்.

“உன் தம்பிக்கும் எனக்கும் ஆகாதே!”

“அறிவியலுக்காகப் பொறுத்துக்கோங்க.”

இருட்டியதுமே நட்சத்திரத்தின் வெளிச்சம் இறங்க ஆரம்பித்திருந்தது. அக்கா லென்ஸைத் துடைத்தார், பிறகு கண்ணையும் துடைத்தார். இறங்கியது இறங்கியதுதான். அது மறுபடி ஏறிய பிறகு நாற்காலியை மடிக்கும்போது, வாத்தியார் மூச்சிரைக்க மேலே வந்தார்.

“எங்க கிளம்பிட்டே? இப்பதான் அடிமட்டத்துக்கு வரும்!”

“வந்துட்டுப் போயாச்சு.”

“தப்பாப் பார்த்திருப்பே. கணக்கு பொய் சொல்லாதும்மா. நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அனுப்பு.”

சரியாக அனுப்பினால் சந்தேகம். தப்பாக அனுப்பினால் மானமும் போகும். அக்கா கண்ணில் பட்டதையே அனுப்பினார்.

மறுவாரம் செயலாளர் அழைத்தார். “வேற ஊர்ல இன்னும் ரெண்டு பேர் இதே நேரத்தைத்தான் அனுப்பியிருக்காங்க. அது சுத்துற காலமே மாறியிருக்கும் போல. எங்க அட்டவணையைத்தான் திருத்தணும். உங்க பேர் இருக்கும்மா.”

“அப்போ முன்னாடி நான் பார்த்ததெல்லாம்?”

“அது உங்க வீட்டுக்காரர் பார்த்தது.”

பக்கத்தில் வாத்தியார் ஏற்கெனவே கணக்கைத் திருத்த உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு தலை நிமிராமலே, “ஏம்மா, நீ பார்த்த நேரத்தைக் கொஞ்சம் சொல்லு” என்றார்.

அக்கா தாராளமாகச் சொன்னார்.