கிள்ளானுக்குப் போன மூன்று பிள்ளைமார்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசையில் மட்டும் ஐந்து பிள்ளைமார் வீடுகள். ஊருக்குள் போனால் ஒரு சாலைக்கே ஒரு பிள்ளையின் பெயர். கோயில் தர்மகர்த்தா ஒரு பிள்ளை, பெரிய ஜவுளிக்கடை முதலாளியும் ஒரு பிள்ளை. இவர்களின் முழுப்பெயர், சொந்த ஊர், கப்பல் ஏறிய வருடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. வேலை இடத்திலோ எல்லோரும் வெறும் 'பிள்ளை'தான்.

1920களின் கடைசி அது. எதற்கும் தேதி குறிக்கும் நான் அன்றைக்குக் குறிக்கவில்லை; செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நிச்சயம். காய்ச்சலில் வீட்டில் இருந்தேன். காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் பியூன் ஓடிவந்தார்.

"கிள்ளான்லருந்து தந்தி. வேகன் இடிச்சு பிள்ளைக்குப் பலத்த அடின்னு போட்டிருக்கு. எந்தப் பிள்ளைன்னு இல்ல."

அன்று எங்கள் வரிசையிலிருந்து மூன்று பிள்ளைமார் கிள்ளானுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அண்ணன். மூவரின் மனைவிமாரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள்; பியூன் அவர்களிடம் கேட்டார்:

"டெலிபோன்ல கேட்டுடலாம். வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கக்கா!"

மூன்று பெண்களும் வாய் திறக்கவில்லை. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்பியவர்கள். அன்றைக்கா சொல்வார்கள்?

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மெல்லச் சொன்னார்: "எங்க வீட்டுல... பத்துமலை சாமி பேரு."

"அந்தச் சாமிக்கு ஆயிரம் பேரு லா, அக்கா!"

அண்ணி என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்து வந்து மூன்று பெயர்களையும் படித்தேன். அண்ணன் பெயரைக் கடைசியில் வைத்தேன்.

பியூனுக்குப் பின்னால் எல்லோரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். குமாஸ்தா டெலிபோனில் முதல் பெயரைச் சொன்னார். "நல்லா இருக்காராம்." அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீதி இரண்டு பேர். அண்ணி பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பிடித்திருந்தார். எங்கள் வீடாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அதன் பொருள் என்ன என்று தெரிந்தேதான் வேண்டினேன்.

இரண்டாவது பெயர். குமாஸ்தாவின் குரல் இறங்கியது.

"இவருக்குத்தான். உயிர் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க."

அண்ணி பிடித்த கையை விடவில்லை. அந்தக் கையோடு அடுத்த கிள்ளான் வண்டியில் ஏறினார். அக்கா ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் பேரைச் சொல்லலைதானே?"

"சொல்லலைக்கா."

பெயரைப் படித்தவன் நான். மூன்று மாதம் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். அதுவரை அந்த நோட்டை நான் தொடவில்லை.