ஹெலன் செய்த மரமீன்

செங்கல்பட்டில் பல் செட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன லேபில் ஹெலனும் நானும் பத்தொன்பது வருஷமாக அடுத்தடுத்த மேசையில் வேலை செய்கிறோம். டாக்டர்கள் வாயளவு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, பாலிஷ் போட்டு அனுப்புவோம். உறுத்துகிறது, கடிக்க வரவில்லை என்று எங்கள் எல்லோருடைய வேலையும் எப்போதாவது திரும்பி வரும். ஹெலன் செய்தது வராது. ஒரு காலத்தில் இதை வயிற்றெரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரும் கேட்காவிட்டாலும் நானாகவே சொல்கிறேன்.

மதுராந்தகம் பக்கம் அவள் ஊர். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். பிளாஸ்டர் கரைத்துத் தரும் பெண்ணாகத்தான் லேபில் சேர்ந்தாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கழிவு மெழுகை எடுத்து உருட்டிக் கடைவாய்ப் பல் செதுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது வருஷமே அவளுக்கென்று ஒரு மேசை கிடைத்தது.

வீட்டுக்காரர் ஆல்வின், ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடுவார். அவர் போவதும், வெயிலில் கறுத்துத் திரும்புவதும் ஹெலனுக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை, அந்தத் திங்கட்கிழமை வரை.

அன்று காலையில் டிபன் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேசையில் வைத்தாள். மத்தி மீன் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மீன். வயிற்றிலும் வாலிலும் மூன்று முனைக் கொக்கி. நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

"இன்னாது இது, பொம்மையா?" என்றேன்.

"இதுக்குப் பேரு லூருக்கா. பெரிய மீனுங்களுக்குப் போடற பொய் இரை. எங்க வூட்டுக்காரர் ஆசப்பட்டு வாங்கினாரு. நேத்து ஒரே கடி, ரெண்டாப் போச்சு."

"அதுக்கு நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?"

"வேலையப் பாருக்கா. ரெண்டு பிளாஸ்டிக் ஓட்ட பாதி பாதியா வெச்சி ஒட்டிக்கீறான். உள்ள கம்பியே இல்ல. நம்ம செட்டப் போட்டுகினு ஜனங்க நல்லி எலும்ப கடிக்குது. கடிக்கறதுக்குன்னே செஞ்ச பொருளு, ஒரு கடிக்குத் தாங்கல. இதக்கூட ஒழுங்கா செய்ய முடியாதா ஒருத்தனுக்கு?"

கோபம் நிஜமான கோபம். மீன் போனதற்கு இல்லை. அரைகுறை வேலைக்கு.

அந்த வாரமே கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து, மெழுகு செதுக்கும் கத்தியாலேயே மீன் செதுக்கினாள். பார்க்க உயிருள்ள மீன் போலவே இருந்தது. செதில் வரைய அவள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பூண்டு விற்கும் வலைப்பையை அறுத்து மரத்தின்மேல் இறுக்கிக் கட்டி, மேலே வெள்ளி நிறத்தை ஊதினாள். வலையைப் பிரித்ததும் வரிசை வரிசையாகச் செதில். கண்ணுக்கு என்னுடைய நகப்பூச்சு.

தண்ணீரில் போட்டு இழுத்தபோது அந்த அழகு மீன் பம்பரமாகச் சுற்றித் தூண்டில் நூலையே முறுக்கிவிட்டது. அடுத்தது செத்த மீன் போலப் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. மூன்றாவது வயிறு மேலே தெரியக் கவிழ்ந்து மிதந்தது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வாங்கி வந்து வயிற்றில் துளை போட்டுப் புதைத்தாள். துளை நெல்மணி அளவு முன்னே நகர்ந்தால் ஒரு நடை, பின்னே நகர்ந்தால் வேறு நடை. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதினாள்.

வேலை முடிந்ததும் கொளவாய் ஏரிக் கரையில் நின்றுதான் சோதனை, துணைக்கு நான். எதிலாவது சிக்கிவிடும் என்று கொக்கியைக் கழற்றிவிட்டு வீசுவாள், இழுப்பாள், மறுபடி வீசுவாள். ரயிலடியிலிருந்து வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"யம்மா, கொக்கியே இல்லாம எப்டிமா மீனு மாட்டும்?"

"மீனு வாணாங்க ஐயா. கட்ட நீந்துதான்னு பாக்கறேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராவது கட்டை நீந்தியது. உடம்பு பருத்து, முகம் சப்பென்று, வாய் கிண்ணம் போலக் குழிந்த மீன் அது. கோலைச் சுண்டி இழுத்தால் அந்தக் குழிவாய் தண்ணீரை அள்ளி 'பொளக்' என்று துப்பும். பெரிய மீனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் யாரோ தன் எல்லையில் வேட்டையாடுவது போலக் கோபம் வருமாம். இழுப்பை நிறுத்தினால் வால் தணிந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மிதக்கும்.

ஆல்வின்தான் அதைக் கடலில் வீசினார். ஹெலனுக்குத் திருப்தியில்லை. "நீ சொல்றத வெச்சி நான் எப்டி செய்யறது? என் கையில தெரியணும்" என்று கோலை வாங்கிக்கொண்டாள். நாற்பத்தோரு வயதில், புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறி, ஞாயிறு தோறும் மாமல்லபுரம் மணலில் நின்று வீசக் கற்றுக்கொண்டாள். தோள் வலியோடு திங்கட்கிழமை வேலைக்கு வருவாள். ஆறு மாதத்தில் ஆல்வினைத் தாண்டிப் போய் விழுந்தது அவள் வீச்சு.

அப்போதுதான் அந்த அடி விழுந்தது. ஒரு மாலை, கரையிலேயே பெரிய மீன் ஒன்று கவ்வி ஓடியது. கோல் வளைந்தது, அவ்வளவுதான், தளர்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் மரம் மட்டும் வந்தது. வயிற்றில் திருகி வைத்திருந்த கொக்கி வளையம் ஆணி பிடுங்கியது போல மரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

இரண்டு நாள் அந்தப் பிய்ந்த மரத்தை மேசையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், ஒரு பெரியம்மாவுக்குப் பாதிப் பல் செட் செய்துகொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள். நிற்கிற பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிக் கொக்கி வைப்போம். அந்தக் கம்பியை அக்ரிலிக்குக்குள் நேராக விட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும் என்று வளைத்துத்தான் புதைப்போம். தினமும் செய்கிற வேலை.

"சகுந்தலாக்கா, நான் எவ்ளோ பெரிய மக்கு" என்றாள். அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வளையம் திருகவேயில்லை. மரத்தின் அடிவயிற்றில் வாயிலிருந்து வால் வரை ரம்பம் போட்டுப் பிளந்து, தடித்த ஸ்டீல் கம்பி ஒன்றையே மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று வளைத்து உள்ளே இறக்கி, பசை ஊற்றி மூடினாள். மரம் நொறுங்கினாலும் நூலுக்கும் கொக்கிக்கும் நடுவில் அந்தக் கம்பி இருக்கும். கல்யாண முருங்கை மெத்து, பெரிய மீனின் பல்லுக்குத் தாங்காது என்று குமிழ் மரத்துக்கு மாறினாள். மதுராந்தகத்துத் தச்சுப் பட்டறையில் துண்டு துண்டாக வாங்கி வந்தாள். ஒரு லூர் முடிய மூன்று வாரம் ஆகும்.

ஆல்வினின் வேனில் வருகிறவர்களில் பரணிதரன் என்று ஒருவர். தூண்டில் பைத்தியம். லூர் மட்டுமே ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார், எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. மாசி மாதத்தில் கடல் அமைதியாக இருந்த ஒரு ஞாயிறு, மாமல்லபுரத்தில் படகுக்காரர் ரஞ்சித்குமாரின் ஃபைபர் படகை அமர்த்திக்கொண்டு ஆல்வினையும் அழைத்தார். ஆல்வின் ஹெலனை அழைத்தார். ஹெலன் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கரையிலேயே அவளுடைய மரமீனைக் கையில் வாங்கிப் பார்த்தார் பரணிதரன். "ரொம்ப அழகா இருக்கு அக்கா. ஆனா இங்க பாரை மீன் இருபது கிலோ, முப்பது கிலோன்னு வரும். இத ஷோகேஸ்ல வைங்க, பாழாக்க மனசு கேக்கல" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளை இன்னும் சுட்டது என்று நினைக்கிறேன். "சரி தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

விடிகிற நேரத்தில் படகு கிளம்பியது. கோபுரமும் கலங்கரை விளக்கமும் சிறுத்துக்கொண்டே போயின. கடலுக்கடியில் பாறை கிடக்கிற இடத்தைப் படகுக்காரர்கள் பார் என்பார்கள். அங்கே போய் ரஞ்சித்குமார் இன்ஜினை நிறுத்தியபோது நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே முதல் அரைமணி நேரத்தை என்னால் சொல்ல முடியாது.

பரணிதரன் நாலு லூர் மாற்றிவிட்டார், ஒன்றும் கடிக்கவில்லை. ஹெலன் ஒன்றையே வீசிக்கொண்டிருந்தாள். பொளக். நிறுத்தம். பொளக். நிறுத்தம். திடீரென்று அந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. ஒரு பசுவைத் தூக்கிக் கடலில் போட்டது போலச் சத்தம். கோல் படகின் விளிம்பு வரை குனிந்தது.

"வுடாத யக்கா! பாருக்குள்ள பூந்துடும்!" என்று கத்திக்கொண்டே ரஞ்சித்குமார் இன்ஜினைப் போட்டுப் படகைப் பாறையிலிருந்து விலக்கினார். ஐந்து நிமிஷம் இருக்கும். நூல் தளர்ந்தது.

"போச்சு!" என்று பரணிதரன் தலையில் கை வைத்தார். யாரும் ஹெலனைப் பார்க்கவில்லை. அவள் நூலை மெதுவாகச் சுற்றி மரமீனைக் கையில் எடுத்தாள். வயிற்றுக் கொக்கி, கடையில் வாங்கிப் போட்டது, ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது. தலையில் ஆழமாகப் பல்தடம். அவள் மூக்கு வளையத்தை ஆட்டினாள், வால் வளையத்தை ஆட்டினாள், காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாய் விட்டு.

"மீனு பூடுச்சேன்னு அழுவாம சிரிக்குது பாரு இந்தக்கா" என்றார் ரஞ்சித்குமார்.

"நான் வாங்கனது போச்சு, அண்ணாத்த. நான் செஞ்சது ஒண்ணும் ஆவல. பாரு, கம்பி இம்மிகூட அசையல!"

பரணிதரன் அந்த மரமீனை வாங்கி நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே தடித்த கொக்கிகள் இரண்டை எடுத்து அவரே மாட்டிக் கொடுத்தார். "இப்ப வீசுங்க அக்கா. நான் கோல மடக்கி வெச்சிடறேன், ரெண்டு நூலும் சிக்கக் கூடாது."

வெயில் ஏறி ஒன்பது மணி இருக்கும்போது இரண்டாவது மீன் வந்தது. அது வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மரமீனுக்குப் பின்னால் தண்ணீர் முதுகு போலப் புடைத்து, ஓர் இருட்டு அதன் மேல் ஏறியது. ஹெலன் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். கோலை ஊன்ற அவள் இடுப்பில் கட்டியிருந்த பட்டையை ஆல்வின் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "நான் கொஞ்ச நேரம் வாங்கிக்கட்டுமா ஹெலனு?" என்று ஒரு தடவை கேட்டார். "பட்டைய மட்டும் புடி" என்றாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷம். அவள் கடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது. மீன் கீழே போகும், அவள் விடுவாள். அது நிற்கும், அவள் ஏற்றுவாள். கடைசியில் படகோரத்தில் வெள்ளித் தாம்பாளம் போல ஒரு பக்கம் சாய்ந்து மேலே வந்தது. வாயோரத்தில், அப்படியே முழுசாக, அவள் மரமீன்.

ரஞ்சித்குமாரும் பரணிதரனும் சேர்ந்துதான் படகுக்குள் இழுக்க முடிந்தது. கரையில் தொங்கவிட்டு எடைபோட்டபோது இருபத்தாறு கிலோ. குப்பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "எந்த அண்ணன் புடிச்சது?" என்று ஒருத்தி கேட்டாள். ரஞ்சித்குமார் ஹெலனின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "தோ, இந்தக்கா. புடிச்சதும் இதுதான், புடிச்ச பொருள செஞ்சதும் இதுதான்." மீனில் பாதியை அங்கேயே பங்கு போட்டோம். மீதி எங்கள் தெருவுக்கும் லேபுக்கும் வந்தது.

பரணிதரன்தான் கேட்டார், "இதுல ஏன் அக்கா உங்க பேரு இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வேலையில் பேர் போடுகிற வழக்கமே கிடையாது. எத்தனையோ ஆயிரம் பேர் அவள் அடுக்கிய பல்லால் சிரிக்கிறார்கள், கல்யாண வீட்டில் வடை கடிக்கிறார்கள். ஒருத்தருக்கும் ஹெலன் யாரென்று தெரியாது. அதற்கு அடுத்து செய்த மரமீனின் வயிற்றில், கடைசிப் பூச்சுக்கு முன், மெல்லிய தூரிகையால் எழுதினாள்: ஹெலன், செங்கல்பட்டு. நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போடு என்றேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் லேபுக்கு வருகிறாள், அவள் செட் இன்னும் திரும்பி வருவதில்லை. பரணிதரனின் பெட்டியில் மேல்தட்டு முழுக்க அவளுடையது. அவருடைய கூட்டாளிகள் ஆர்டர் கொடுத்து அவசரப்படுத்தினால் மூன்று வாரம்தான், குறையாது என்று சொல்லிவிடுகிறாள். ரஞ்சித்குமார் படகில் ஏறும் புதுசுகளுக்கு முதலில், அவள் அவரிடமே கொடுத்துவிட்ட அந்த மரமீனைக் கையில் கொடுத்துப் பல்தடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறாராம்.

இப்போது அவளுக்கு மயில் மீன்மேல் கண். முதுகில் மயில்தோகை மாதிரி விரியும் துடுப்பும், ஈட்டி போல மூக்கும் உள்ள மீன் அது. படகு ஓடிக்கொண்டே இருக்க, பின்னால் இரையை இழுத்து வந்தால்தான் துரத்துமாம். அந்த வேகத்தில் குமிழ் மரம் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. நேற்று சாப்பாட்டு நேரத்தில் மெலிசாக, நீளமாக ஒரு மெழுகு மீனைச் செதுக்கி என் மேசையில் வைத்துவிட்டு, "கழுத்து இன்னும் கொஞ்சம் ஒல்லியா போணும்ல, அக்கா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்றேன். அதற்குள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள்.