கையில் நிற்காத தீர்த்தம்

போன புரட்டாசியில் ஒரு சாயங்காலம், போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பில் என் பேச்சு நின்றுபோனது. மாரியம்மன் தாயை நம்பி வாழும் சொந்தங்களே, என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். ஈஸ்வரி ஏறினால் ஜீப்புக்கு ஹாரனே வேண்டாம் என்பார் டிரைவர். அப்படிப்பட்டவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறேன், வார்த்தை வரவில்லை. நாக்கு மரத்துக் கிடக்கிறது.

"என்னக்கா, வாயைத் தோட்டத்துலயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று இந்திரா சிரித்தாள். இந்திரா என்னோடு ஏலக்காய் பறிப்பவள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எனக்கோ கண்ணில் நீர் முட்டியது.

பிறகுதான் அவர்களுக்கும் உறைத்தது. "மருந்து வாடை ஏறிருச்சு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பது ஓயாத வேலை. தலைசுற்றல், வாந்தி, படபடப்பு, எது வந்தாலும் எங்களுக்கு அது மருந்து வாடைதான். மோரைக் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும். நானும் குடித்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் பேச்சு வந்துவிட்டது. வந்ததும் முதல் வேலையாக இந்திராவைத் திட்டினேன்.

ஐப்பசியில் மறுபடியும் வந்தது. செடியின் தூரில் குந்திக் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். வலது கை தானாகத் தொங்கியது. கூடை கவிழ்ந்து காயெல்லாம் சேற்றில். "மருந்து, மருந்து" என்று மோரைத் தேடினார்கள். மலையாளத்து சூப்பர்வைசர்தான் முழித்தார். "சேச்சீ, இன்னு மருந்து அடிச்சிட்டில்லல்லோ!"

ஆமாம். அன்றைக்கு மருந்தே அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகச் சரியானது.

என் வீட்டுக்காரர் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஏதோ அடைத்த தடம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடி இதயத்தை எக்கோ எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு இன்னொரு முறையும் பார்த்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டினார். என் இதய வால்வு திறந்து மூடுகிறது. அதன் மேல் சின்னதாக ஒன்று, காம்பில் ஆடுகிறது.

"பார்த்தா கேன்சர் மாதிரி தெரியலைம்மா. சாதாக் கட்டியாத்தான் இருக்கணும். ஆனா இருக்கிற இடம் சரியில்லை. அதுல இருந்தோ, அது மேல படியிற ரத்தத்துல இருந்தோ துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகுது. ரெண்டு தடவை தப்பிச்சிட்டீங்க. அடுத்தது பெருசா போச்சுன்னா பேச்சும் கையும் திரும்பாமலே போயிரலாம். எடுத்துரணும்."

நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். கட்டியை மட்டும் செதுக்கி எடுக்கப் பார்ப்பார்களாம். முடியாவிட்டால் வால்வையே மாற்ற வேண்டுமாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையை வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று ஊருக்கு வந்துவிட்டோம். அன்று நான் அழுத அழுகையை அந்தத் தாய்தான் அறிவாள்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் மாரியம்மன் சந்நிதியில் பூக் கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வோம். என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் செல்வி மதினி, முன்னால் நின்று கேட்டார். "ஆத்தா, இது கெட்ட கட்டியா? இல்லைன்னா வெள்ளைப் பூவைக் குடு."

பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளைப் பூ.

மதினி குலவை போட்டார். "டாக்டரும் கேன்சர் இல்லைங்குறா, ஆத்தாளும் இல்லைங்குறா. நல்ல கட்டியை எதுக்குப்பா அறுக்கணும்? நெஞ்சைப் பிளக்குற சோலியே வேண்டாம்!" என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நெஞ்சைப் பிளந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை?

ஆனாலும் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்னதும் காதிலேயே நின்றது. தனியாகப் போய் அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். "ஆத்தா, எனக்குப் பூ பாஷையெல்லாம் தெரியாது. நான் பேச்சில்லாம இருக்க மாட்டேன், செத்துருவேன். என்ன செய்யணும்னு எனக்கு விளங்குற மாதிரி சொல்லிரு" என்று சண்டை போடாத குறையாகக் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உச்சிப் பூஜை. நான், என் வீட்டுக்காரர், மதினி மூவரும் நின்றோம். பூசாரி தீர்த்தம் கொண்டுவந்தார். வலது கையைக் குழித்து நீட்டினேன். ஊற்றினார். ஒழுகியது. மறுபடி ஊற்றினார். விரல்கள் விரிந்து, அத்தனையும் தரையில். கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஆத்தா என்று கூப்பிட்டேன், வெறும் சத்தம்தான் வந்தது.

அங்கே வெயில் இல்லை, மருந்து வாடை இல்லை. தாயின் கண் முன்னால், எல்லோரும் பார்க்க நடந்தது. முதலில் அலறியது மதினிதான். "டேய், காரைக் கொண்டாடா வெரசா! கட்டி கெட்டதான்னுதானடா கேட்டோம், இல்லைன்னு சொன்னா. விட்டுறலாமான்னு நாம கேக்கவே இல்லையேடா!"

மதுரை போய்ச் சேர்வதற்குள், அம்மா அருளால், விரல்கள் அசைந்தன. இந்த முறை யோசிக்க எதுவும் இல்லை. ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆத்தா, கட்டியை எடுத்துக்க. வால்வை எனக்கே விட்டுரு."

விட்டுவிட்டாள்! கட்டியை அடியோடு செதுக்கி எடுத்துவிட்டார்கள். வால்வில் சின்னதாக ஒரு தையல், அவ்வளவுதான். பரிசோதனையிலும் அது சாதாக் கட்டி என்றே வந்தது. எடுத்ததைத் தண்ணீரில் போட்டுப் பிடித்த படத்தை டாக்டரம்மா காட்டினார். இதழ் இதழாக விரிந்து, வெள்ளையாக ஒரு பூ மாதிரியே இருந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, தொண்டைக் குழாயை எடுத்ததும் நான் பேசிய முதல் பேச்சு, "சட்டையை மாத்துனீங்களா இல்லையா? நாத்தம் கொடலைப் புடுங்குது" என்பதுதான். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அழுதார். "திட்டு புள்ள, நல்லாத் திட்டு" என்றார்.

இப்போது மறுபடி மலைக்குப் போய்வருகிறேன். ஜீப்பில் யாருக்காவது நாக்குக் குழறினால் மோரை நீட்ட விடுவதில்லை. "ரெண்டு கையையும் தூக்குடி, சிரிச்சுக் காட்டு" என்பேன். ஒரு பக்கம் கோணினால் ஜீப்பு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

நம்புங்கள், சொந்தங்களே. மனதில் உள்ளதை மறைக்காமல் கேளுங்கள். அவள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டாள். சொன்ன பிறகு உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து போங்கள். டாக்டர் கையிலும் அவள்தான் இருக்கிறாள்.

வெள்ளிதோறும் அதே இடத்தில் நின்று வலது கையை நீட்டுகிறேன். பூசாரி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை.