சுவரில் பாக்கு கூடாது

நூலின் ஒரு முனை என் கையில், மறுமுனை உம்மாவின் கையில். படங்களின் மட்டம் பார்க்க நூலகச் சுவரின் குறுக்கே இழுத்துப் பிடித்திருந்தோம். நான் பாயான் பாரு தொழிற்சாலையில் பொறியாளன். லேசர் மட்டக்கருவி என் பையில் இருந்தது.

"அந்த செவப்புக் கோடு கண்ணக் கூசுது லா. நூலப் புடி." ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார்: "நேரா இருக்கா?"

இல்லை. அவர் பக்கம் இறங்கியிருந்தது. எப்போதும் இறங்கும். சொன்னேன்.

"கட்டடம்தான் சாஞ்சிருக்கு."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

என் தாயார் பெயர் சித்தி ஹாஜரா. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இருக்கும் சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். சுற்றிலும் அலமாரி, மிஞ்சியது ஒரே சுவர். அதில் கண்காட்சி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சுவரோ சுண்ணாம்புக் காரை. ஆணி இறங்கினால் உள்ளங்கை அகலத்துக்கு உதிரும். நாள்காட்டி மாட்டப் போய் ஒருமுறை உதிர்ந்தது. இன்னொரு முறை உதிர்ந்தால் சுவரில் எதுவுமே கிடையாது என்றது நிர்வாகக் குழு.

உம்மா விதிகள் போட்டார். கூரையோர மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி, நைலான் கயிற்றில்தான் படம் தொங்க வேண்டும். படத்தின் பின்னால், சுவரில் உரசாமல் காற்றுப் போக, பழைய ஜப்பான் ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு ஒட்ட வேண்டும். மாலை வெயில் விழும் பக்கம் நீர்வண்ணம் ஆகாது. சன்னலோர நாற்காலியைத் தொடக் கூடாது: "படிக்கிறவங்க எந்திரிக்கக் கூடாது. படம் நகரட்டும்."

ஆணித் தடையை மட்டும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஆணியை அவர் மலாயில் 'பாக்கு' என்றுதான் சொல்வார். எழுதியது தமிழில்: 'சுவரில் பாக்கு கூடாது.'

நாளிதழ் படிக்க வரும் சாதிக் மாமா, வாயில் வெற்றிலையோடு அட்டையைப் பார்த்தார். "ஹாஜரா, நான் எப்பம்மா செவத்துல துப்புனேன்?"

"ஐயோ சாதிக் நானா, இது அடிக்கிற பாக்கு. மெல்லுற பாக்கு இல்ல!"

அடுத்து வந்தவள் பாலிக் புலாவ் ஊர் ஓவியர் சுஹானா. முதல் கண்காட்சி அவளுடையது. மலாயில் பெரணிச் செடிக்கும் அதே பெயர், பாக்கு. அவள் வரைவதெல்லாம் ஓடைக்கரைப் பெரணி. படங்களைச் சுமந்துகொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "மாமி, என்னுது எல்லாமே பாக்குதானே? திருப்பிக் கொண்டு போகவா?"

உம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. "கீழ ஒரு ஆணிப் படம் போட்டுறணும். மறந்துடுவேன், நீ ஞாபகப்படுத்து," என்று என்னிடம் சொல்லி, அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார். அன்றுதான் நாங்கள் நூல் பிடித்தது.

அந்த வாரமே மௌத்தானார். இதயம் நின்றுபோனது.

படங்களை நானும் சுஹானாவும் ஏற்றினோம். கொக்கி, கயிறு, செருப்புத் துண்டு. காரை உதிரவில்லை. குழுவினர் வந்தார்கள், படங்களை விட்டுவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு, அடுத்து யார் படம் என்று கேட்டார்கள்.

அட்டை உம்மாவின் பையிலேயே இருந்தது, கீழே வெற்றிடத்தோடு. சுஹானாவிடம் கொடுத்தேன். பெரணிக்குத் தீட்டிய அதே பச்சையில் ஓர் ஆணி வரைந்து, அட்டையை மரச்சட்டத்தில் தொங்கவிட்டாள்.

"நேரா இருக்கா அண்ணே?"

ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நான் லேசர் இருந்த என் பையைத் திறக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்தேன்.

"கட்டடம்தான் சாஞ்சிருக்கு."